நீலச் சிலந்தியும் மஞ்சள் காலும்

போன வாரம் நிவேதா போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆய்வகத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். "மேடம், புதுசா ஒரு செயலி வந்திருக்கு. சிலந்தியோட போட்டோவைக் காட்டினாப் போதும், பேரைச் சொல்லிடுது. இனிமே லென்ஸெல்லாம் எதுக்குன்னு புதுசா சேர்ந்தவங்க கேக்கறாங்க. நீங்க உங்க அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கூடவே கொஞ்சம் குறும்பும் வந்தது. என் பழைய கைபேசியிலிருந்து ஒரு படத்தைத் தேடி எடுத்து அவளுக்கு அனுப்பினேன். "உங்க செயலிகிட்ட இதைக் காட்டிக் கேளு" என்றேன். பதில் உடனே வந்தது. "நம்ம நாட்டு நீலச் சிலந்தியாம் மேடம். சந்தேகமே இல்லாமச் சொல்லுது."

வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் சங்கரன்கோவிலில் இதே படத்தைப் பார்த்து இதையேதான் எல்லாரும் சொன்னார்கள். அதை நம்பி ஓர் இளைஞனைச் சிறைக்கு அனுப்ப வண்டியும் தயாராக நின்றது. அவன் எப்படி வீட்டுக்குப் போனான் என்பதைத்தான் எழுதப் போகிறேன். தற்பெருமை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சங்கரவடிவு. பிறந்தது சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துக் கரிவலம்வந்தநல்லூரில். விலங்கியல் படித்து, சென்னையில் ஓர் அரசு ஆய்வகத்தில் சேர்ந்தேன். கடத்தலிலும் கள்ள விற்பனையிலும் பிடிபடுகிற உயிர்கள் எந்த இனம் என்று கண்டுபிடித்து நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. யானைத் தந்தம், ஆமை, பாம்பு என்று ஆளுக்கொரு பிரிவு. சிலந்திப் பிரிவை யாரும் கேட்கவில்லை, அதனால் அது எனக்கு வந்தது. "பொண்ணு என்ன வேல பாக்கா?" என்று ஊரில் யாராவது கேட்டால், என் அம்மா "கவர்மெண்டு வேல" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள்.

டாரன்டுலா என்பது உள்ளங்கை அகலத்துக்கு வளர்கிற, உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த சிலந்தி. அதைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துச் செல்லப் பிராணியாக வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் எங்கள் ஊரில் நம்பவே மாட்டார்கள். ஆனால் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. மெக்சிகோ சிலந்திக்குக் கறுத்த காலில் ஆரஞ்சு முழங்கால். வெனிசுலா சிலந்தி ஒன்றுக்குப் பச்சை முதுகு, நீலக் கால், ஆரஞ்சு வயிறு. நம் நாட்டிலும் இருக்கின்றன. மரப்பொந்தில் வாழும் அவற்றுக்குச் சாம்பல் முதுகில் யாரோ கோலம் போட்ட மாதிரி இருக்கும். முன்னங்கால்களின் அடிப்பக்கம் பளீர் மஞ்சள். அவற்றில் ஒன்று மட்டும் நல்ல நீலம். ஆந்திரக் காட்டின் ஒரு மூலையில் மட்டும் மிஞ்சியிருக்கிற இனம். அதைப் பிடித்து வளர்ப்பதும் விற்பதும் குற்றம்.

என் மேலதிகாரி ஆபிரகாம் சார் பாளையங்கோட்டைக்காரர். மெலிந்த உடம்பு, எப்போதும் முழுக்கைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சேர்ந்த முதல் நாள் அவர் என் முன்னால் சில படங்களைப் பரப்பி வைத்தார். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள்.

"கலர்ப் படம் இல்லையா சார்?" என்று கேட்டேன்.

"இருக்கு. நீங்க எனக்குத் தப்பே இல்லாம பேர் சொன்னப்புறம் தாரேன்" என்றார்.

கலர்ப் படத்தைக் கண்ணில் காண எனக்கு வெகு காலம் ஆயிற்று. அதற்குள் வயிற்றில் உதிரும் ரோமம் உண்டா, கண்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன, தாடையருகே உரசி ஒலி எழுப்புகிற முட்களுக்கு என்ன வடிவம் என்பதெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. அவர் பிரிவில் எழுதும் எந்த அறிக்கையிலும் நிறம் பற்றிய பத்தி கடைசியில்தான் வர வேண்டும். முதலில் எழுதினால் வாசிக்காமலே திருப்பித் தருவார். "நிறத்தை முதல்ல பாத்தா மத்ததெல்லாம் அதுக்கு ஏத்த மாதிரிதான் கண்ணுக்குத் தெரியும்மா" என்பார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. கையெழுத்துப் போடும் முன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். "இப்ப நான் எதிர்த்தரப்பு வக்கீல்" என்பார். அவ்வளவுதான், ஆள் மாறிவிடுவார். அதுவரை அம்மா, வாங்க, போங்க என்று பேசியவர், அதே மெல்லிய குரலில் கேள்வி கேட்டே தோலை உரித்துவிடுவார். பிரிவில் அழாதவர்கள் யாரும் இல்லை. நானும் கழிவறையில் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து பதில் சொல்லியிருக்கிறேன். முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி "காபி சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார்.

முதல் வெற்றி சுங்கத்துறையிலிருந்து வந்த ஒரு பார்சலில் கிடைத்தது. பொம்மை டப்பாவுக்குள் சின்னச் சின்னக் குப்பிகள், குப்பிக்கு ஒரு சிலந்திக் குஞ்சு, நகத்தளவு, எல்லாம் ஊதா கலந்த நீலம். அலுவலகம் முழுக்க அது நம் நாட்டு நீலச் சிலந்தியின் குஞ்சு என்று முடிவே செய்துவிட்டது. நான் ஒருத்தி மட்டும் மறுத்தேன். நம் நாட்டு நீலத்தின் குஞ்சு மங்கலாகத்தான் பிறக்கும். இவை கரீபியன் தீவுச் சிலந்திகள், வளர வளர நீலம் போய்விடும் என்று எழுதினேன். "வளரட்டுமே, பாப்போம்" என்றார் சார். ஒரு குப்பியைத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டார். அந்தக் குஞ்சு சட்டை உரித்து உரித்துப் பெரிதாகி, கடைசியில் பச்சை முதுகும் சிவந்த வயிறுமாக நின்றது. வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டு, "எங்க வடிவு சொன்ன மாதிரியே மாறிட்டு பாத்தீங்களா" என்று காட்டினார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இனி சங்கரன்கோவில் விஷயத்துக்கு வருகிறேன்.

சங்கரன்கோவில் அம்மனின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தேன். காலையில் சாமி கும்பிட்டுவிட்டுத் தெருவில் வளையல் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆபிரகாம் சார் போன் செய்தார். "வடிவு, உங்க ஊர் வனத்துறை அலுவலகத்துல ஒரு நீலச் சிலந்தி இருக்காம். வச்சிருந்த பையனைச் சாயங்காலம் மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணுமாம். படம் அனுப்பியிருக்காங்க. நான் பாக்கல. நீங்களும் பாக்காதீங்க, நேரா போங்க." அடுத்த கேள்வி, "அந்தப் பையன் உங்களுக்குச் சொந்தமா?" என்பது. நான் விசாரித்து, இல்லை என்று உறுதி சொன்ன பிறகுதான் போகச் சொன்னார்.

அலுவலக வாசலில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பையனின் தாய், பேச்சியம்மாள்.

"டீச்சர், நீங்கதான் பூச்சி பாக்க வந்த டீச்சரா? எம் புள்ள ஒரு தப்பும் பண்ணல தாயி. செல்போன் ரிப்பேரு கட வச்சிருக்கான். கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்திருக்கோம். செயிலுக்குப் போயிட்டான்னா யாரு பொண்ணு குடுப்பா?"

நான் டீச்சர் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

உள்ளே ரேஞ்சர் தனசேகர் நடந்ததைச் சொன்னார். பேச்சியம்மாளின் மகன் இசக்கிராஜா ஒரு நீலச் சிலந்தி வளர்த்திருக்கிறான். பெங்களூரில் வாங்கியதாக ரசீது காட்டினான். அதில் சிங்கப்பூர் நீலம் என்று இருந்தது. மலேயா, சிங்கப்பூர் பக்கத்துச் சிலந்தி அது, வளர்க்கத் தடையில்லை. முந்தின நாள் தொட்டியிலிருந்து தப்பித்து வீட்டுச் சாமி அறைச் சுவரில் ஏறிவிட்டது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. யாரோ எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றி ரேஞ்சர் கைக்கும் வந்தது.

"நம்ம நாட்டுச் சிலந்திய வெளிநாட்டுப் பேர்ல வித்துப்போடுதாங்க மேடம். ரசீத எப்படி நம்பச் சொல்லுதீங்க? ட்ரெய்னிங்ல தெளிவாச் சொன்னாங்க. நீலமா இருந்து, முன்னங்காலுக்கு அடியில மஞ்சளும் இருந்தா அது நம்ம ஊரு சிலந்தின்னு. இதுல மஞ்சள் பளிச்சுன்னு இருக்கு" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நம் நாட்டு நீலம், சிங்கப்பூர் நீலம் இரண்டும் மரத்தில் வாழ்பவை, இரண்டுக்கும் தட்டையான உடம்பு, நீண்ட நீலக் கால். எட்ட நின்று பார்த்தால் முன்னங்கால் மஞ்சள்தான் பெரிய வித்தியாசம். இசக்கிராஜா மூலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "மேடம், அது சிங்கப்பூர்தான் மேடம்" என்பதைத் தவிர அவனுக்கு வேறு பேச்சு வரவில்லை.

சிலந்தியை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்திருந்தார்கள். கைப்பையிலிருந்து லென்ஸையும் மெல்லிய தூரிகையையும் எடுத்தேன். நான் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவை கூடவே வரும். முதலில் பெட்டிக்கு வெளியே குனிந்து அடிவயிற்றைப் பார்த்தேன். உதிரும் ரோமம் இல்லை, எனவே அமெரிக்கக் கண்டத்துச் சிலந்தி இல்லை. முதுகைப் பார்த்தால் திட்டுத் திட்டாக ஏதோ அப்பியிருந்தது. கோலமா, அழுக்கா, சொல்ல முடியவில்லை. பிறகு தூரிகை முனையைக் காற்றுத் துளை வழியே விட்டு லேசாகத் தொட்டேன். விருட்டென்று முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. சண்டைக்கு நிற்கும்போது இவை அப்படித்தான் நிற்கும். இரண்டு காலின் அடியிலும் மஞ்சள் இருந்தது. ரேஞ்சர் சொன்னதுதான் சரியோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

ஆனால் ஒன்று இடித்தது. இடது காலில் மஞ்சள் முழங்கால் வரை இருந்தது. வலது காலில் பாதியில் நின்றது. இடதுக்கு ஒரு அளவு, வலதுக்கு ஒரு அளவு என்று எந்தச் சிலந்தியும் பிறப்பதில்லை. லென்ஸில் பார்த்தேன். ரோமம் மஞ்சளாக இல்லை, ரோமங்களுக்கு நடுவே பொடி பொடியாக ஏதோ சிக்கியிருந்தது. வெளியே போய்ப் பேச்சியம்மாளைக் கேட்டேன்.

"சிலந்தி சாமி ரூமுல இருந்தப்ப நீங்க என்ன பண்ணுனீங்க?"

"அடிக்கல டீச்சர்! சத்தியமா அடிக்கல!" என்று பதறினாள். "விளக்கேத்தப் போனேன். படத்துக்குப் பக்கத்துல நீலமா நின்னு ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிடுது. விஷ ஜந்து வீட்டுக்குள்ள வந்தா என்ன செய்வோம்? புத்து மண்ணையும் மஞ்சப் பொடியையும் அள்ளி அது மேல தூவி, தாயே, வந்த வழியே போயிருன்னு சொன்னேன். வேறொண்ணும் பண்ணல."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. சங்கரன்கோவிலில் கோயில் புற்றுமண் இல்லாத வீடு ஏது? பாம்போ தேளோ வந்தால் இங்கே முதலில் கம்பைத் தேடுவதில்லை, மண்ணைத்தான் தேடுவார்கள். சிலந்தி காலைத் தூக்கிய நேரம் பார்த்து அவள் மஞ்சளை வீசியிருக்கிறாள். அது சரியாக நம் நாட்டுச் சிலந்திக்கு மஞ்சள் இருக்கும் இடத்திலேயே போய் ஒட்டியிருக்கிறது.

உள்ளே வந்து ரேஞ்சரிடம், "இதைத் துடைச்சுப் பாக்கணும்னு உங்களுக்குத் தோணலையா?" என்று கேட்டேன்.

அவர் நெளிந்தார். "மண்ணு ஒட்டியிருக்குன்னு தெரியும் மேடம். ஆனா அது கோயில் மண்ணுல்லா. தபசு நேரத்துல அதப் போயித் துடைப்பானேன்னு விட்டுட்டேன்."

பக்கத்தில் நின்ற வாட்சர் மாடசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். இசக்கிராஜாவைக் கேட்டால், "அம்மா திட்டும்னு நானும் தொடல" என்றான். இந்த ஊரில் மட்டுமே நடக்கக்கூடிய கூத்து இது.

"அம்மன் கோவிச்சுக்கிட்டா நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, போனில் ஆபிரகாம் சாரைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் டக்கென்று ஒரு சத்தம். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

தூரிகையை நீரில் நனைத்து, துளை வழியே விட்டேன். சிலந்தி காலைத் தூக்கும், நான் காலடியில் ஒரு முறை ஒற்றி எடுப்பேன், அது பாயும், நான் பின்வாங்குவேன். இவற்றின் கடி லேசானது இல்லை, அதனால் அவசரப்படாமல் செய்தேன். எடுத்ததையெல்லாம் வெள்ளைத் தாளில் தடவினேன். தாளில் மஞ்சள் படிந்தது.

"அது மஞ்சள் பொடின்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் வக்கீல். "சிலந்தியோட சொந்த ரோமம் உதிர்ந்ததா ஏன் இருக்கக் கூடாது? ஆய்வகம் இல்ல, கருவி இல்ல. ரேஞ்சர் ஆபீஸ்ல நின்னு பாத்தேன்னு கோர்ட்ல சொல்லுவீங்களா?"

ஏதாவது கிடைக்குமா என்று அறையைச் சுற்றிப் பார்த்தேன். ரேஞ்சர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கிராஜா பெஞ்சை விட்டு எழுந்து நின்றான். அப்போதுதான் மாடசாமியின் வாய் அசைவதைக் கவனித்தேன்.

"அண்ணாச்சி, வெத்தல போட்டிருக்கீங்களா?"

"தப்புதான் மேடம், துப்பிட்டு வந்துருதேன்."

"துப்ப வேண்டாம். சுண்ணாம்பு டப்பாவ எடுங்க."

விரல் நுனியளவு சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தாளில் இருந்த மஞ்சள் மேல் ஒரு சொட்டு விட்டேன். குங்குமமாகச் சிவந்தது. ஆரத்தி கரைத்த எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரிந்த சிவப்பு. "ஆத்தாடி!" என்றார் மாடசாமி. ரேஞ்சர் தாளைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

வக்கீல் அவ்வளவு லேசில் விடவில்லை. "சரி, மேல இருந்தது மஞ்சப் பொடி. அதுக்கு அடியில நிஜ மஞ்சளும் இருந்தா? பொடி போச்சுன்னா அது சிங்கப்பூர்னு ஆயிடுமா?"

அதற்கும் வழி இருந்தது. சிலந்தியைப் பிடித்தபோதே ரேஞ்சர் அதன் தொட்டியையும் பூட்டி முத்திரை வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்திருந்தார். தொட்டி மூலையில் சிலந்தி உரித்துப் போட்ட சட்டை சுருண்டு கிடந்தது. அவர் முன்னிலையிலேயே எடுத்தேன். காய்ந்த சட்டையை இழுத்தால் நொறுங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துளி ஷாம்பு விட்டு டீ டம்ளரில் ஊறப் போட்டேன். அது இளகும் வரை காத்திருந்தோம். பிறகு தெர்மாகோல் துண்டின் மேல் விரித்து, குண்டூசியால் கால் காலாகப் பிரித்து நிறுத்தினேன். தாடையருகே லென்ஸை வைத்தேன். நம் நாட்டு மரச்சிலந்திக்கு அங்கே நுனி திரண்ட முட்கள் ஒரே கூட்டமாக இருக்கும். இதில் கூர்மையான முட்கள்தான் இருந்தன. முன்னங்கால் அடியில் மஞ்சளின் சுவடுகூட இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கத்திலிருந்து "உம்", "உம்" என்று மட்டும் வந்தது.

கடைசியாகப் பெட்டியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, தூரிகையால் ஒரு முறை தொட்டேன். அதுவரை நாங்கள் படுத்திய பாட்டுக்குச் சிலந்திக்கு நல்ல கோபம். இரண்டு முன்னங்கால்களையும் உயரத் தூக்கி நின்றது. அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு, ஒரு புள்ளி மஞ்சள் இல்லை.

"மஞ்சள் இல்லையே மேடம்" என்றார் ரேஞ்சர்.

போனில் மேசையிலிருந்து எதையோ எடுக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார் போல. பிறகு ஆபிரகாம் சார், பாளையங்கோட்டைப் பேச்சுக்கு மாறி, "சிங்கப்பூர் நீலந்தான் வடிவு. எழுதி அனுப்புங்க, கையெழுத்துப் போடுதேன். நிறத்தக் கடைசில எழுதுங்க" என்றார். அதற்குப் பிறகு, "தபசு பாத்தாச்சா?" என்று கேட்டார்.

தனசேகர் நல்ல மனிதர். தானே முன்வந்து வண்டியைத் திருப்பி அனுப்பினார். தானே போய் வாசலில் இருந்த பேச்சியம்மாளிடம், "பையனக் கூட்டிட்டுப் போங்கம்மா, இது வெளிநாட்டுச் சிலந்தி" என்றார். அவள் மகனைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நான் அதை மறைக்கவும் இல்லை. அன்று சாயங்காலம் தேரடிக் கூட்டத்தில் நடக்கும்போது, இந்த ஊரே எனக்குச் சொந்தம் என்கிற மிதப்பில் நடந்தேன்.

மறு வெள்ளிக்கிழமை, சென்னைக்குப் புறப்படும் நேரம், பேச்சியம்மாள் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்ன வெள்ளித் தகட்டை என் உள்ளங்கையில் வைத்தாள். விஷ ஜந்து விலகிப் போனால் அதன் உருவத்தை வாங்கி அம்மன் உண்டியலில் போடுவது இங்கே வழக்கம்.

"கடைகடையாக் கேட்டேன் டீச்சர். பாம்பு இருக்குங்கான், தேளு இருக்குங்கான், சிலந்தி இல்லைங்கான். பொறவு ஒரு தேளு உருவத்த வாங்கி, ஆசாரிகிட்டக் குடுத்து வால நறுக்கச் சொல்லிட்டேன். நீங்க பாத்துச் சொல்லுங்க, இது நம்ம சிலந்திதானா?"

பழக்க தோஷம், லென்ஸை எடுத்துவிட்டேன். எட்டுக் கால்கள் சரி. வால் இருந்த இடத்தில் அரத்தின் தழும்பு. ஆனால் முன்னால் இரண்டு பெரிய இடுக்கிகள் அப்படியே இருந்தன. ஆபிரகாம் சார் கண்ணாடியைக் கழற்றவே தேவையில்லை, எந்தக் கோர்ட்டிலும் அது தேள்தான்.

பேச்சியம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் இசக்கிராஜா வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான்.

"சிங்கப்பூர் நீலந்தான்" என்றேன். "சந்தேகமே இல்ல. கொண்டுபோய்ப் போடுங்க."